காதைப் பாருங்க பாஸ்! - அமெரிக்கக் குதிரை ஷோக்களில் 'அமைதி'க்கு மார்க் போட்டால் என்ன ஆகும்?

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு குதிரை ரீல்ஸ் வரும். பச்சைப் பசேல் மைதானம், வெள்ளை வேலி, அதைச் சுத்தி பூந்தொட்டிகள். பிடரி மயிரைக் குட்டிக் குட்டி ஜடையாகப் பின்னிக்கொண்டு, பளபளன்னு ஒரு குதிரை வரும். அவசரமே இல்லாமல் ஓடிவந்து, வேலியைத் தாண்டி, எதுவுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருக்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் ஏதாவது செய்கிறாரா என்பதே தெரியாது. பின்னணியில் மெல்லிசை. கீழே கமென்ட்ஸில் மட்டும் குருக்ஷேத்திரப் போர். 'இதுக்கு 88 தானா? 92 போட்டிருக்கணும்', 'ஜட்ஜுக்குக் கண்ணு தெரியலையா?', 'பாவம், அந்தக் குதிரை தூங்கிட்டு இருக்கு'.

இந்தக் கடைசி கமென்ட்டைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்க. அமெரிக்காவின் 'ஹன்ட்டர் ஜம்ப்பர்' குதிரை உலகம் பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கேள்வி அதுக்குள்ளதான் இருக்கு.

ஒரே மைதானம், மூணு கணக்கு

முதல்ல பேஸிக்ஸ். அமெரிக்காவில் ஒரு ஹன்ட்டர் ஜம்ப்பர் ஷோவுக்குப் போனால், எல்லாரும் குதிரையில் ஏறி வேலி தாண்டுவதுதான் தெரியும். ஆனால், அங்கே நடப்பது மூணு வேற வேற போட்டி.

முதலாவது, ஜம்ப்பர். ஒலிம்பிக்ஸில் நாம் பார்ப்பது இதைத்தான். கணக்கு சிம்பிள். கம்பைத் தட்டிவிட்டால் 4 ஃபால்ட். குதிரை தாண்டாமல் நின்றுவிட்டால் 4 ஃபால்ட். சர்வதேசப் போட்டியில் ரெண்டாவது முறையும் நின்றால் அவுட். கீழே விழுந்தாலும் அவுட். நேரம் தாண்டினால் அதுக்கும் அபராதம். தப்பே இல்லாமல் முடித்தவர்கள் பலர் இருந்தால், குறைவான வேலிகளோடு இன்னொரு ரவுண்டு. அதில் வேகம்தான் ராஜா. குதிரை தலையை ஆட்டினாலும், ஓடுவது பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கம்பு விழக் கூடாது, கடிகாரம் முந்தக் கூடாது. அவ்ளோதான்.

ரெண்டாவது, ஹன்ட்டர். இங்கே மார்க் வாங்குவது குதிரை. நடை, ஓட்டம், தாவும் ஸ்டைல், குணம் எல்லாவற்றையும் பார்த்து, 100-க்கு இத்தனை என்று ஜட்ஜ் ஒரு நம்பர் போடுவார். கடிகாரம் கிடையாது. 

மூணாவது, எக்விடேஷன். இதில் மார்க் வாங்குவது குதிரையில் உட்கார்ந்திருப்பவர். முதுகு நேரா இருக்கா, குதிகால் கீழே இறங்கியிருக்கா, கை குதிரையின் வாயைத் தொந்தரவு செய்யாமல் இருக்கா, முடிவுகளைச் சரியான நேரத்தில் எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். 1933-ல் ஆரம்பித்த 'மெக்லே' போன்ற பட்டங்கள், அமெரிக்க டீன் ஏஜ் ரைடர்களுக்கு போர்டு எக்ஸாம் மாதிரி.

ஜம்ப்பரை ஓட்டப்பந்தயம் என்று வைத்துக்கொண்டால், ஹன்ட்டர் ஒரு டான்ஸ் ரியாலிட்டி ஷோ. முதலாவதில் தோற்றால் கடிகாரத்தைத் திட்டலாம். ரெண்டாவதில் தோற்றால் ஜட்ஜைத்தான் திட்ட முடியும்.

ஜட்ஜ் அப்படி என்னதான் பார்க்கிறார்?

'சும்மா பிடிச்ச குதிரைக்கு மார்க் போடுவாங்க' என்று நினைத்தால் தப்பு. ஹன்ட்டர் ஜட்ஜிங்கிற்குள் ஒரு கணக்கு இருக்கு.

கேன்டர் எனும் நிதான ஓட்டத்தில் ஒரு குதிரையின் ஒரு எட்டு, சுமார் 12 அடி என்று வைத்துக்கொள்வார்கள். தாண்டி இறங்க 6 அடி, அடுத்த வேலிக்கு எழும்ப 6 அடி. அப்படியென்றால், ரெண்டு வேலிக்கு நடுவே 60 அடி இருந்தால்? 12 போக மீதி 48 அடி. சரியாக 4 எட்டு. நல்ல ஹன்ட்டர் அந்த 4 எட்டையும் ஒரே அளவில் போடும். அஞ்சாவதாக ஒரு குட்டி எட்டைக் கடைசியில் திணித்தால் மார்க் போச்சு. மூணிலேயே பறந்து எழும்பினாலும் போச்சு.

தாவும்போது முன்னங்கால் முட்டி ரெண்டும் சமமாக மேலே மடங்கணும். ஒரு கால் தொங்கினால் பெரிய குறை. காரணம், அழகு மட்டும் இல்லை. தொங்கும் கால் வேலியில் மாட்டினால் குதிரையும் ஆளும் சேர்ந்து குப்புற விழ வேண்டியதுதான். திருப்பத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக் காலை முன்வைத்து ஓடணும். அந்தக் கால் மாற்றம் நடந்ததே தெரியக் கூடாது. 

ஜட்ஜ் கையில் ஒரு அட்டை இருக்கும். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு குறியீடு. கொஞ்சம் முன்னாடியே எழும்பிடுச்சா, ரொம்பக் கிட்ட வந்து எழும்புச்சா, கம்பை உரசியதா, எல்லாம் கோடும் புள்ளியுமாகப் பதிவாகும். சுமார் ரெண்டு நிமிஷத்தில் ரவுண்டு முடிந்துவிடும். உடனே மார்க். தொண்ணூறுக்கு மேல் என்றால் அபாரம். எண்பதுகள் நல்ல ரவுண்டு. எழுபதுகள் சுமார். கம்பு விழுந்தாலோ, குதிரை நின்றாலோ நாற்பதுகளுக்குச் சரிந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு விஷயம் இருக்கு. அதுதான் இந்தக் கட்டுரையின் மையம். குணம். நல்ல ஹன்ட்டர் பதறாது, தலையை உதறாது, வாலைச் சுழற்றாது, முரண்டு பிடிக்காது. சுருக்கமாகச் சொன்னால், அமைதியாக இருக்கும்.

நரி வேட்டையில் ஆரம்பித்த ரசனை

ஏன் அமைதி? பெயரிலேயே பதில் இருக்கு. ஹன்ட்டர் என்றால் வேட்டைக் குதிரை. இங்கிலாந்திலும், அதைப் பார்த்து அமெரிக்காவிலும், நாய்க் கூட்டத்தோடு குதிரையேறி நரி வேட்டைக்குப் போவது பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்தது. அங்கே மணிக்கணக்காகக் காடு, மேடு, வேலி, ஓடை எல்லாம் தாண்டணும். பதறுகிற குதிரையில் போனால் கழுத்து முறியும். சீராக ஓடுகிற, களைப்படையாத, கூட்டத்தைப் பார்த்து மிரளாத குதிரைக்குத்தான் மவுசு. 

அந்த வேட்டைக் குதிரையை மைதானத்துக்குக் கூட்டிவந்து, 'யாரோட குதிரை பெஸ்ட்?' என்று கேட்டதில் பிறந்ததுதான் ஹன்ட்டர் ஷோ. பென்சில்வேனியா மாநிலத்தின் டெவன் குதிரை ஷோ 1896-லிருந்து நடக்கிறது. நாயை வைத்து நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2004-ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டன. வேட்டையின் ரசனை மட்டும் அமெரிக்க மைதானங்களில் அப்படியே தங்கிவிட்டது.

சிக்கல் இங்கேதான். வேட்டையில், குதிரை நிஜமாகவே நிதானமானதா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிஞ்சிடும். மைதானத்தில் ஜட்ஜ் பார்ப்பது சுமார் ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷம் நிதானமாகத் தெரிந்தால் போதும் என்றால், மனிதர்கள் என்ன செய்வார்கள்?

அமைதி எப்படித் 'தயாராகிறது'?

நேர்வழி ஒன்று இருக்கு. குதிரையைப் பொறுமையாகப் பழக்கணும். தினமும் மேய்ச்சலில் அவிழ்த்துவிடணும். புது மைதானம், ஒலிபெருக்கி, பூந்தொட்டி எல்லாம் பழகும் வரை காத்திருக்கணும். இதுக்கு மாதங்கள் ஆகும், சில குதிரைகளுக்கு வருஷங்கள் ஆகும். எல்லாம் செய்தாலும், பிறவியிலேயே துறுதுறுப்பான குதிரை துறுதுறுப்பாகத்தான் இருக்கும்.

குறுக்குவழி ரெண்டு இருக்கு. ஒன்று, களைப்பாக்குவது. நீளக் கயிற்றில் கட்டி வட்ட வட்டமாக ஓட விடுவார்கள். 10 நிமிஷம் ஓடினால் அது வார்ம் அப். விடியற்காலை இருட்டில் ஆரம்பித்து, சக்தி முழுக்க வடியும் வரை ஓடவிட்டால், அதுக்குப் பேர் வேற. 

ரெண்டாவது, ஊசி.

2012 மே மாதம் டெவன் ஷோவில் 'ஹம்பிள்' என்ற போனி குதிரை, ஒரு ஊசி போடப்பட்ட சிறிது நேரத்தில் சரிந்து விழுந்து இறந்தது. அந்த வருஷ டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' அதை விரிவாக எழுதியது. போட்டிக்கு முன்னால் மருந்து கொடுப்பது எவ்வளவு சகஜமாகிவிட்டது என்பதை நாடே பேசியது. போனி ஏன் இறந்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால், சின்னப் பிள்ளைகள் ஏறுகிற ஒரு போனிக்கு, போட்டிக்கு முன்னால் எதுக்கு ஊசி என்ற கேள்வி மட்டும் போகவே இல்லை.

அதன் பிறகு, போட்டிக்கு முந்தைய 12 மணி நேரத்தில், சில மருத்துவ விதிவிலக்குகள் தவிர, ஊசியே போடக் கூடாது என்று அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது. மூளையின் பரபரப்பைக் குறைக்கும் 'காபா' என்ற பொருளும் தடைப் பட்டியலில் இருக்கு. ஆனால், இது திருடன் போலீஸ் விளையாட்டு. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று வரும். மெக்னீசியம் சல்ஃபேட்டை எடுத்துக்கோங்க. எப்சம் சால்ட் என்று மெடிக்கல் ஷாப்பில் விற்கும் அதே பொருள்தான். அதை ஊசியாகப் போட்டால் குதிரை மந்தமாகும். மெக்னீசியம் உடலில் இயல்பாகவே இருப்பதால், சோதனையில் பிடிப்பது கஷ்டம். அளவு கூடினால் இதயமே நின்றுபோகலாம்.

இன்னொரு உதாரணம் நமக்கு ரொம்பப் பக்கம். நம்மூர் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் பெண்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போடுகிறார்களே, அதில் இருக்கும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் அமெரிக்க ஹன்ட்டர் லாயங்களில் ரொம்ப காலம் புழங்கியது. பெண் குதிரைக்கு மட்டும் இல்லை பாஸ், காயடித்த ஆண் குதிரைக்கும் போட்டார்கள். ஆண் குதிரைக்கு எதுக்குக் கருத்தடை? கருத்தடைக்கு இல்லை, 'கூல்' ஆக்கத்தான். நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2019 டிசம்பர் 1 முதல் அதுவும் தடை.

ஒவ்வொரு முறையும் கூட்டமைப்பு மருந்தைத் துரத்துகிறது. ஆனால், அந்த மருந்தைத் தேடிப் போக வைக்கும் ஆசை எங்கே பிறக்கிறது? ஜட்ஜின் அட்டையில்.

அப்போ ஜம்ப்பர் சுத்தமா?

'மார்க் போடுறதுதான் பிரச்னை, கடிகாரம் இருந்தா எல்லாம் சரியாகிடும்' என்று தோணும். அதுவும் இல்லை. 

ஹன்ட்டரில் குதிரை மந்தமாக இருந்தால் லாபம். ஜம்ப்பரில் அப்படியே தலைகீழ். குதிரை ஓவர் உஷாராக இருக்கணும். கம்பைத் தட்டினால் வலிக்கும் என்ற பயம் இருந்தால் இன்னும் உயரமாகத் தாவும். அதுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மிளகாய்! 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே சில ஜம்ப்பிங் குதிரைகளின் உடலில் கேப்சைசின் இருப்பது தெரிந்தது. மிளகாய்க்குக் காரம் கொடுக்கும் அதே பொருள். வலி நிவாரணத் தைலத்திலும் அது உண்டு. ஆனால், காலில் தடவினால் தோல் கூச்சம் அதிகமாகி, கம்பு பட்டாலே சுரீர் என்று எரியும். நார்வே அணி தன் வெண்கலப் பதக்கத்தை இழந்ததும் இதனால்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸிலும் ஒரு சம்பவம். பிரேசிலின் அனுபவ வீரர் பெட்ரோ வெனிஸ் ஓட்டிவந்த குதிரையின் விலாவில் ரத்தம் தெரிந்தது. சின்னக் காயம்தான். ஆனால், விதிப்படி உடனே தகுதி நீக்கம். மூணே பேர் கொண்ட அணியில் ஒருத்தர் போனால் அணியின் கணக்கே முடிந்தது. 'தெரியாமல் பட்ட கீறலுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?' என்று ரைடர்கள் ஒரு பக்கம். 'ரத்தம்னா ரத்தம்தான், அதில் என்ன சின்னது பெருசு?' என்று விலங்கு நல ஆர்வலர்கள் இன்னொரு பக்கம். இந்த வாதம் அந்த ஒலிம்பிக்ஸோடு முடியவும் இல்லை.

ஆக, கணக்கு எதுவாக இருந்தாலும், அந்தக் கணக்கு எதுக்குப் பரிசு தருகிறதோ, அதை எப்படியாவது வரவழைக்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், ஜம்ப்பரில் என்ன வேண்டும் என்பதைக் கடிகாரமும் கம்பும் முடிவு செய்கின்றன. அதை மாற்றுவது கஷ்டம். ஹன்ட்டரில் அதை முடிவு செய்வது மனிதக் கண். நினைத்தால் மாற்றலாம்.

செல்போன் தான் இப்போ மூணாவது ஜட்ஜ்

இவ்வளவு நாள் இல்லாத அவசரம் இப்போ ஏன்? பதில் உங்க பாக்கெட்டில் இருக்கு.

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நினைவிருக்கா? மாடர்ன் பென்டத்லானில், குலுக்கலில் கிடைத்த 'செயின்ட் பாய்' என்ற குதிரை நகர மறுக்க, முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அனிகா ஷ்லொய் கதறி அழுததை உலகமே பார்த்தது. குதிரையைக் கையால் குத்திய பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். அந்த சில நிமிஷ வீடியோவின் விளைவு, பாரிஸுக்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே தூக்கிவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதுக்குப் பதில் தடை தாண்டும் ஓட்டம்.

2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்க சில நாள்களே இருந்தபோது இன்னொரு வீடியோ. 6 ஒலிம்பிக் பதக்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடிப்பது அதில் பதிவாகியிருந்தது. அவரே போட்டியிலிருந்து விலகினார். ஒரு வருஷத் தடை, 10,000 ஸ்விஸ் ஃப்ராங்க் அபராதம். பழைய வீடியோ, நடந்தது பயிற்சியில், போட்டியில் இல்லை. ஆனாலும், தப்ப முடியவில்லை.

'பயிற்சியில்' என்பதுதான் முக்கியம். அமெரிக்கக் கூட்டமைப்பின் அதிகாரம் அதுவரை பெரும்பாலும் போட்டி மைதானத்தின் கேட்டுக்குள்தான். கேட்டைத் தாண்டி, சொந்த லாயத்தில் என்ன செய்தாலும் கை வைக்க முடியாது. 2024 டிசம்பர் 1 முதல் அந்த விதி மாறியது. வீட்டு லாயமோ, பயிற்சிக் களமோ, எங்கே குதிரையைக் கொடுமைப்படுத்தினாலும் இனி நடவடிக்கை எடுக்கலாம்.

சர்வதேசக் கூட்டமைப்புக்கும் அலாரம் அடிச்சாச்சு. 2022-ல் அது அமைத்த குதிரை நல ஆணையம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பில், விளையாட்டில் குதிரையைப் பயன்படுத்துவது கவலை தருவதாகப் பொதுமக்களில் 67 சதவிகிதம் பேர் சொன்னார்கள். மூணில் ரெண்டு பேர்! விலங்கை வைத்து நடக்கும் விளையாட்டு, பார்க்கிறவர்களின் சம்மதம் இல்லாமல் நீடிக்காது. ஜல்லிக்கட்டுக்கு நீதிமன்றப் படியேறிய நமக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

ஜட்ஜை மட்டும் திட்டுவது நியாயமா?

இல்லை. அவங்க பக்கமும் கொஞ்சம் கேட்போம்.

முதல் விஷயம், அமைதியான குதிரை என்பது வெறும் ஃபேஷன் இல்லை, பாதுகாப்பும்கூட. போனி மேல் உட்கார்ந்திருப்பது எட்டு வயசுக் குழந்தையாக இருக்கலாம். அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் மட்டும் குதிரை ஏறும் ஒருத்தராக இருக்கலாம். அவங்களுக்குத் துள்ளுகிற குதிரையைக் கொடுத்து 'இதுதான் இயற்கை' என்று சொல்ல முடியுமா?

ரெண்டாவது, பிறவியிலேயே நிதானமான குதிரைகள் நிஜமாகவே இருக்கு. ஜட்ஜ் தன் இருக்கையில் இருந்து பார்த்து, இது குணமா, களைப்பா, மருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் டாக்டர் இல்லை. கண்ணுக்குத் தெரிவதுக்குத்தான் மார்க் போட முடியும்.

மூணாவது, பணம். இந்த விளையாட்டின் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். ராக் இசையுலகின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் மகள் ஜெசிகா, டோக்கியோவில் அமெரிக்க ஜம்ப்பிங் அணிக்காக வெள்ளி வென்றவர். பில் கேட்ஸின் மகளும், ஸ்டீவ் ஜாப்ஸின் மகளும் ஜம்ப்பிங் ரைடர்கள்தான். நல்ல குதிரையின் விலை லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ஃபுளோரிடாவின் வெலிங்டன் நகரில் ஜனவரியில் ஆரம்பிக்கும் குளிர்கால ஷோக்கள் மாதக்கணக்கில் வாராவாரம் நடக்கும். இவ்வளவு செலவு செய்யும் உரிமையாளர் ரிப்பனை எதிர்பார்ப்பார். ரிப்பன் வராவிட்டால் பயிற்சியாளரை மாற்றுவார். குதிரைக்கு வேண்டியது நேரம். பயிற்சியாளரிடம் இல்லாததும் அதுதான். ஊசி அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

இதே விளையாட்டில் வேற மாதிரிக் கதையும் உண்டு. 1956-ல், இறைச்சிக்காகக் கொண்டுபோகும் லாரியில் ஏற்றப்பட்டிருந்த ஒரு சாம்பல் நிற உழவுக் குதிரையை, நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குதிரையேற்ற வாத்தியார் 80 டாலருக்கு வாங்கினார். 'ஸ்னோமேன்' என்று பெயர். ரெண்டே வருஷத்தில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அது ஜம்ப்பர் சாம்பியன். பணக்காரக் குதிரைகள் எல்லாம் பின்னால். குழந்தைகள் முதுகில் ஏறி உட்காரும் அளவுக்கு சாந்தம், வேலி என்று வந்தால் சிங்கம். நிஜமான நிதானம் எப்படி இருக்கும் என்பதுக்கு அதுதான் சாம்பிள்.

என்ன மாறணும்?

ஒரு நல்ல ஒப்பீடு சொல்லட்டுமா? 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றதே, ஞாபகம் இருக்கா? குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம். டிரெஸ்ஸாஜும் ஜட்ஜ் கண்ணை நம்பிய போட்டிதான். ஆனால், அங்கே மைதானத்தைச் சுற்றி பல ஜட்ஜ்கள் வெவ்வேறு கோணங்களில் இருப்பார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை தனித்தனி மார்க், கூடவே குறிப்பு. எங்கே மார்க் போச்சு, ஏன் போச்சு என்று ரைடர் கைக்குத் தாள் வரும்.

சாதாரண ஹன்ட்டர் போட்டியில்? பெரும்பாலும் ஒன்றோ ரெண்டோ ஜட்ஜ். கடைசியில் ஒரே ஒரு நம்பர். 84. ஏன் 84? அட்டையில் கிறுக்கியது ஜட்ஜோடயே போயிடும். காரணம் தெரியாத இடத்தில் ரைடர்கள் வதந்தியை நம்புவார்கள். 'இந்த ஜட்ஜுக்குத் தூங்குற குதிரைதான் பிடிக்கும்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அது நிஜமோ இல்லையோ, அடுத்த வாரம் எல்லாக் குதிரையும் 'தூங்கியபடி' வரும். 

அதனால் முதல் மாற்றம், காரணத்தை வெளியே சொல்வது. குதிரை நலமாக இருக்கும்போது காட்டும் உயிர்ப்புக்கு எவ்வளவு மார்க், மந்தத்துக்கு எவ்வளவு கழிவு என்பது ரைடருக்குத் தெரியணும். நல்ல தாவலுக்குப் பிறகு குஷியில் தலையை ஒரு ஆட்டு ஆட்டும் குதிரைக்கும், முரண்டு பிடித்துத் தலையை உதறும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத ஜட்ஜ் கிடையாது. அந்த வித்தியாசம் மார்க்கிலும் தெரியணும்.

ரெண்டாவது மாற்றம் ஏற்கெனவே ஒரு மூலையில் நடந்துகொண்டிருக்கு. 'ஹன்ட்டர் டெர்பி' என்ற போட்டி வடிவத்தில் மரக்கட்டை, புதர், கல்சுவர் மாதிரியான இயற்கைத் தடைகள் இருக்கும். சில இடங்களில் ரெண்டு உயரம் கொடுப்பார்கள். உயரமானதைத் தேர்ந்தெடுத்தால் போனஸ். ரெண்டாவது ரவுண்டில் நறுக்கென்று திரும்பி, சாமர்த்தியமாக ஓடினால் அதுக்கும் போனஸ். மந்தமான குதிரையால் இதைச் செய்யவே முடியாது. விழிப்பும் வேணும், நிதானமும் வேணும். எந்த மருந்துத் தடையும் செய்யாத வேலையை, மார்க் போடும் முறை தானே செய்துவிடுகிறது.

மூணாவது, போட்டி மைதானத்தில் விடியற்காலையில் யார் எத்தனை நேரம் கயிற்றில் ஓட விடுகிறார்கள் என்று பார்க்க ஆள் வேணும். ரெண்டு நிமிஷத்துக்கு மார்க் போட ஜட்ஜ் இருக்கும்போது, அதுக்கு முந்தைய ரெண்டு மணி நேரத்தைப் பார்க்க யாராவது இருக்கணும் இல்லையா?

அடுத்த முறை ரீல்ஸ் பார்க்கும்போது...

நம்மில் பெரும்பாலானோர் ஹன்ட்டர் ஷோவை நேரில் பார்க்கப் போவதில்லை. ஆனால், வியூஸும் லைக்கும் நம் கையில் இருக்கு. இந்த விளையாட்டு இப்போ யாரைப் பார்த்து பயப்படுகிறதோ, அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்கோம்.

அதனால் அந்த அழகான ரீல்ஸ் மறுபடி வரும்போது, பூந்தொட்டியையும் ஜடையையும் விட்டுட்டு குதிரையின் காதைப் பாருங்க. அடுத்த வேலியைக் குறிபார்த்து முன்னால் திரும்பியிருக்கா, இல்லை ரெண்டு பக்கமும் தொங்கி அசையாமல் இருக்கா? கண்ணில் கவனம் இருக்கா? வேலியைப் பார்த்ததும் ஒரு நொடி எடை போட்டு, தானாக எழும்புதா, இல்லை சாவி கொடுத்த பொம்மை மாதிரி போகுதா? காதை மட்டும் வைத்து மருந்து கொடுத்தார்கள் என்று தீர்ப்பு சொல்லிட முடியாது. ஆனால், குதிரை அந்த ரவுண்டில் மனசோடு இருக்கா என்ற கேள்வியைக் கேட்க அது போதும்.

அமைதி வேற, அடங்கிப்போவது வேற. மனுஷங்களுக்குள்ளேயே இந்த வித்தியாசத்தைப் புரிஞ்சுக்க நமக்கு ரொம்ப நாளாச்சு. குதிரைக்கு வாய் இல்லை. அதுக்காக மார்க் போடுறவங்களாவது அந்த வித்தியாசத்தைப் பார்த்துப் போடட்டும்!